முன்சீட்டுக் குளிர்

என் கணவருக்கு அரபு நாட்டில் வேலை. பெரிய பெரிய கட்டடங்களுக்கு ஏசி பொருத்துவதும், அது கெட்டுப்போனால் போய்ச் சரிபார்ப்பதும்தான் தொழில். ஊர் உலகத்துக்கெல்லாம் குளிர் வைக்கிற மனுஷர், வருஷத்தில் ஒரே ஒரு மாதம் புதுச்சேரிப் பக்கத்துப் பாகூருக்கு வந்து என் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் எங்கள் ஏற்பாடு. மகன் பிறந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டான். ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

அந்த ஒரு மாதமாவது எங்களுடையதா என்றால் அதுவும் இல்லை. ஒரே வாசலுக்குள் கொழுந்தன் குடும்பமும் நாங்களும். அவர் வந்த சேதி கேட்டதும் நெட்டப்பாக்கத்திலிருந்து ஒரு கூட்டம், திருக்கனூரிலிருந்து ஒரு கூட்டம். சென்ட் பாட்டில் வாங்கிப் போக வருகிறவர்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை சொல்ல வருகிறவர்கள், சும்மா டீ குடிக்க வருகிறவர்கள். நான் அடுப்படியில் நிற்பேன், அவர் கூடத்தில் இருப்பார். அவர் அங்கே இருக்கும்போது போனில் பேசுகிற அளவுக்குக்கூட இங்கே இருக்கும்போது நாங்கள் பேசிக்கொண்டதில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது.

அந்தக் கோபத்துக்கு அவர் கண்டுபிடித்த வழிதான் வண்டி. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போய்க்கொண்டிருந்த பழைய வேன் ஒன்றை வாங்கினார். இரண்டு லீவில் உட்கார்ந்து அதன் சீட்டுகளையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, பின்னால் ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒற்றை அடுப்பு, தண்ணீர் டிரம் என்று வரிசையாக வைத்தார். முன்னால் டிரைவர் சீட்டும் பக்கத்துச் சீட்டும் மட்டும் மிஞ்சின. கடைசித் திருகை முறுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்தா, இதான் நம்ம வூடு. இதுல மூணாவது ஆளுக்கு எடமே கெடையாது."

கொழுந்தன் மனைவி, என் ஓரகத்தி, விடுவாளா? "அக்காவும் மாமாவும் வயசான காலத்துல தனிக்குடித்தனம் போறாங்கடி" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அடுத்த லீவில் வால்பாறை போவதென்று பேசி வைத்தோம். எனக்குக் கடல் பார்த்துச் சலித்துவிட்டது. வளைந்து வளைந்து ஏறுகிற மலைச் சாலையில், அவர் வண்டி ஓட்ட, பக்கத்துச் சீட்டில் நான் உட்கார்ந்து போக வேண்டும். வேறு ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். எனக்கு லீவு மே மாதத்தில்தான், அவரும் அப்போதுதான் வருவார். மே மாதத்தில் மலை குளிர்ந்துதான் இருக்கும். பாகூரிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் போகிற சமவெளி கொதிக்குமே, அதற்கு என்ன செய்வது?

வெயில் எல்லோருக்கும் வெயில்தான். எனக்கு அந்த வருஷம் அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. மாதவிலக்கு நிற்கிற காலம். திடீரென்று நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, முகம், காது என்று ஏறும். ஜாக்கெட் நனைந்துபோகும், கண் இருட்டிக்கொண்டு வரும். அந்த வேனில் என்ஜின் இருப்பது இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே, ஒரு மூடிக்குக் கீழே. அடுப்புப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி. முன்னால் இருக்கிற ஏசி வேலை செய்தால்தான் நான் அதில் உட்கார முடியும். ரயிலில் போய்விட்டு வாங்களேன் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ரயிலில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஊரே உட்கார்ந்திருக்கும் என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

அவருக்குத் தெரியாமல் நானும் ஒரு காரியம் செய்திருந்தேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். வில்லியனூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்சும் வாங்கிவிட்டு, எங்கள் வேனையே எடுத்து ஏரிக்கரைப் பக்கத்துச் சாலையில் பழகினேன். வால்பாறைக்குப் போகிற வழியில் அவர் களைத்துப்போய், "கொஞ்ச நேரம் ஓரங்கட்டட்டுமா?" என்று கேட்பார். அப்போது, "தள்ளுங்க, நான் ஓட்டறேன்" என்று சொல்ல வேண்டும். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். கொழுந்தனுக்கு மட்டும் விஷயம் தெரியும். வாயைத் திறக்கக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

என் கணவர் லீவில் வந்த மறுநாளே வண்டியை எடுத்து ஏசியைப் போட்டுப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. அசரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து சொந்தக் கேஜை எடுத்தார். காஸின் அழுத்தம் பார்க்க இரண்டு முள்வட்டமும் கலர் கலராய்க் குழாயும் வைத்த சாமான் அது. குழாயை மாட்டிவிட்டு, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"காஸ் கம்மியா இருக்குது. வண்டி சும்மாவே நின்னுகினு இருந்தா கம்ப்ரஸர் சீல் காஞ்சிப் போய்க் கசியும். ஏத்திட்டா சரியாப் பூடும்."

வண்டி சும்மா நின்றுகொண்டிருக்கவில்லை என்று எனக்கல்லவா தெரியும்! கொழுந்தன் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். பழகும்போது நான் ஒரு நாளும் ஏசியைத் தொட்டதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் பழக வேண்டும், அப்போதுதான் பின்னால் வருகிறவன் ஹாரன் கேட்கும் என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லியிருந்தார்கள்.

புதுச்சேரி டவுனுக்குப் போய் காஸ் டப்பாக்கள் வாங்கி வந்து ஏற்றினார். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தார், எங்கேயும் கொப்புளம் வரவில்லை. காலை நேரத்தில், வேப்பமரத்து நிழலில், ஜில்லென்று காற்று வந்தது. நான் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதே பாதி மலை ஏறிவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கிளம்பினோம். புளிசாதம், முறுக்கு, போர்வை எல்லாம் பின்னால். வில்லியனூரில் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போகலாம் என்றேன். ஏற்றிவிட்டுத் திரும்பினால் ரயில்வே கேட் போட்டிருந்தது. முன்னால் கரும்பு டிராக்டர், பின்னால் பஸ். வெயில் ஏறிவிட்டது. வண்டி ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் சுமாராக வந்துகொண்டிருந்த குளிர், நின்ற கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அனலாக மாறியது. என்ஜின் பக்கம் டக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் விட்டு மறுபடியும் டக். எனக்கு நெஞ்சிலிருந்து அந்தச் சூடு கிளம்பியது. கேட் திறப்பதற்குள் நான் சீட்டிலேயே சாய்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய் வண்டியைத் திருப்பிவிட்டார்.

வாசலில் ஓரகத்தி நின்றுகொண்டிருந்தாள். "இன்னா அக்கா, அதுக்குள்ள வால்பாறய பாத்துட்டீங்களா?" என்றாள். புளிசாதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

"காஸ் இன்னும் பத்தல" என்றார் அவர். மறுபடியும் ஏற்றினார். ஒரு முள் ஏகத்துக்கு மேலே போனது. "இது ரொம்ப மேல போவுதே" என்று நானே கேட்டேன். "இந்த வெயிலுக்கு இப்டித்தான் ஏறும். எங்க ஊர்ல இதவிட ஏறும்" என்றார். எங்க ஊர்! அவருக்கு எது எங்க ஊர் என்று எனக்குச் சுருக்கென்றது. அங்கே பாலைவன வெயிலில் முள் உச்சியில் நிற்பதைப் பார்த்துப் பழகிய கண், இங்கே அதைப் பார்த்து ஒன்றும் நினைக்கவில்லை. அதுதான் நடந்தது.

நடுவில் நெட்டப்பாக்கத்தில் ஒரு கல்யாணம், திருக்கனூரில் ஒரு கருமாதி. இரண்டுக்கும் போகாமல் இருக்க முடியுமா? லீவு பனிக்கட்டி மாதிரி கரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் என் கண் காலண்டருக்குப் போகும். அவர் திரும்பிப் போகிற தேதியைச் சுற்றி நான் வட்டம் எதுவும் போடவில்லை, ஆனாலும் அந்தத் தேதி மட்டும் தனியாகத் தெரிந்தது. மலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நாள் முழுக்க அந்த முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒரு மத்தியானம் அவர் வாசலில் வண்டியை ஓடவிட்டு, கேஜை மாட்டி, அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் துணி அலசுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மறுபடியும் அந்த டக், டக். எனக்கு அந்தச் சூடு ஏறியது. அதோடு கோபமும் ஏறியது.

"போதும் வுடுங்க. மலயும் வேணாம், மண்ணும் வேணாம். காஸ் காஸ்னு சொல்லியே லீவு பூடுச்சி. எனக்கு இந்த வண்டியும் வேணாம், இந்தப் பொழப்பும் வேணாம்!"

பக்கெட்டை எடுத்துப் பாதித் தண்ணீரை என் தலையில் ஊற்றிக்கொண்டேன். மீதியை வண்டியின் மூஞ்சியில் விசிறி அடித்தேன். "இந்தா, நீயும் குளி!"

அவர் எழுந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னொரு பக்கெட் ஊத்து!"

"இன்னா, நக்கலா?"

"ஊத்துடி சொல்றேன். முள்ளு எறங்குது பாரு!"

ஊற்றினேன். முள் சரசரவென்று இறங்கியது. டக் டக் சத்தம் நின்றது. அவர் ஓடிப்போய் முன்சீட்டில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஜில்லுனு வருது, வந்து பாரு" என்று கத்தினார். நான் சொட்டச் சொட்ட நனைந்த புடவையோடு ஏறி உட்கார்ந்தேன். ஜில்லென்றுதான் வந்தது. தண்ணீர் காய்ந்ததும் பழையபடி அனலாகிவிட்டது.

அவருக்குப் பிடிபட்டுவிட்டது. வண்டியின் முன்பக்கம், ரேடியேட்டருக்கும் முன்னால், கண்டன்சர் என்று ஒன்று இருக்கிறது. சன்னமான தகடுகளை நெருக்கி அடுக்கிய பலகை அது. அதன் இடுக்குகள் வழியாகக் காற்று புகுந்து போனால்தான் காஸ் இழுத்து வந்த சூடு வெளியே போகும். சூடு போகாவிட்டால் எவ்வளவு காஸ் ஏற்றினாலும் குளிராது, அழுத்தம் ஏறி ஏசி டக் டக்கென்று நின்று நின்று போகும். அவர் முன்பக்கத்து ஜாலியையும் பம்பரையும் கழற்றினார். கண்டன்சர் இருந்த இடத்தில் தகடே தெரியவில்லை. சாணி மெழுகிய சுவர் மாதிரி, மண்ணும் ஏதோ சருகும் குழைந்து காய்ந்து அப்பிக் கிடந்தது.

ஒரு துண்டைப் பெயர்த்து விரலில் நசுக்கினார். முகர்ந்து பார்த்தார்.

"இது உளுந்தம்பொட்டு ஆச்சே. வூட்ல நிக்கிற வண்டிக்குள்ள இது எப்டி வந்துச்சி?"

பக்கத்தில் நின்ற கொழுந்தன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டார்.

எங்கள் பக்கம் நெல் அறுத்த வயலில் உளுந்து போடுவார்கள். பிடுங்கிய செடியைக் கொண்டுவந்து தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறி மிதித்தே உளுந்து உதிர்ந்துவிடும், தோலும் சருகும் பொட்டாக நொறுங்கிக் கிடக்கும். ஏரிக்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்து குறைவு. நான் வேனை வைத்துக்கொண்டு அங்கே முன்னும் பின்னும் போய்ப் பழகுவதைப் பார்த்த கொழுந்தன், "அண்ணி, சும்மாதான சுத்தறீங்க, அப்டியே நம்ம உளுந்து மேல ஏத்துங்க" என்றார். ஏற்றினேன். பக்கத்து வயல்காரர் பார்த்தார், "டீச்சர், நம்பளுதும்" என்றார். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? அந்தப் பருவத்தில் பாதி ஊர் உளுந்து நான் ரிவர்ஸ் பழகியதில் உதிர்ந்ததுதான். எழும்பிய பொட்டும் புழுதியும் வண்டியின் மூக்குக்குள்ளே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? பனியும் ஒரு மழையும் சேர்ந்து அதைக் குழைத்து வைத்திருக்கிறது.

வால்பாறைச் சாலையில் சொல்ல வைத்திருந்ததை நனைந்த புடவையோடு வாசலில் நின்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"நான்தான் ஓட்டனேன்."

"நீயா?"

"லைசென்சு வாங்கிட்டேன். வால்பாற வழியில நீங்க களச்சி ஓரங்கட்டும்போது சொல்லலாம்னு இருந்தேன்."

அவர் விரலில் ஒட்டியிருந்த பொட்டைத் தட்டிவிட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"நான் இல்லாமயே நீ எவ்ளோ தூரம் போயிட்டடி."

பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குள் வேறொன்றும் இருந்தது. அது புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் எரிந்து விழுந்தேன். "வேற இன்னா பண்ண சொல்றீங்க? சிலிண்டர் மாட்டறதுலேர்ந்து புள்ளய காலேஜ்ல சேக்கறது வரைக்கும் எல்லாமே நீங்க இல்லாமதான் கத்துக்கினேன். நீங்க கூட இருக்கறத மட்டும்தான் இன்னும் கத்துக்கல."

மறுநாள் முழுக்கக் கண்டன்சரைச் சுத்தம் செய்தோம். அவர் உள்பக்கமிருந்து தண்ணீரை மெல்ல விட்டார், நான் பழைய டூத் பிரஷ்ஷால் வெளிப்பக்கம் தேய்த்தேன். மடங்கிய தகடுகளை அவர் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். நடு வெயிலில், கையெல்லாம் சேறாக, எதிரும் புதிருமாக உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய அறையில் இருக்கிற மலையாளி எப்படி மீன் குழம்பு வைப்பான், என் வகுப்பில் எந்தப் பிள்ளை எப்படி அழும், எல்லாம் பேசினோம். சொந்தக்காரர்கள் வந்தார்கள், சேற்றைப் பார்த்துவிட்டுக் கொழுந்தன் வீட்டுப் பக்கம் போய்விட்டார்கள். அத்தனை வருஷ லீவில் அப்படி ஒரு நாள் எனக்குக் கிடைத்ததே இல்லை.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. அளவுக்கு மேல் ஏற்றிய காஸையெல்லாம் காலி சிலிண்டருக்கு இழுக்க வேண்டும். குழாயிலிருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கான மெஷின், தெரிந்தவர் ஒருவரிடமிருந்து வந்து சேரவே நாள் ஆனது. இந்த முறை அவர் முள்ளை மட்டும் நம்பவில்லை. கடைத்தெரு பாய் கடையிலிருந்து தராசை வாங்கி வந்து, சிலிண்டரை அதன்மேல் வைத்து, வண்டியில் ஒட்டியிருந்த சீட்டில் போட்டிருந்த அளவுக்குச் சரியாக எடை பார்த்து ஏற்றினார். பாய் கூடவே வந்து, "கடுகு நிறுக்கிற தராசுங்க, காத்த நிறுக்கும்னு எனக்கே தெரியாது" என்று வேடிக்கை பார்த்தார். உச்சி வெயிலில், நின்ற வண்டியில், குளிர் வந்தது. நிற்க நிற்கவும் குளிர்ந்துகொண்டே இருந்தது.

அவருக்கு லீவு முடிந்திருந்தது. கேட்டுப் பார்த்தார், கூட ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்த வண்டியில் போக மிச்சமிருந்தது ஒரே வழிதான், சென்னை ஏர்போர்ட். திரும்பி வரும்போது தான் ஓட்டிக்கொள்வதாகக் கொழுந்தன் வந்து நின்றார். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்றேன்.

திண்டிவனம் தாண்டிப் புளியமர நிழலில் நிறுத்தினோம். பின்னால் அந்த ஒற்றை அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டேன். அந்த வீட்டில் நான் செய்த முதல் சமையல் அதுதான். டம்ளரோடு முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்து, என்ஜினை ஓடவிட்டு, அந்தக் குளிரில் குடித்தோம். இப்படியே இடப்பக்கம் திரும்பி எங்கேயாவது போய்விடலாமா என்று நான் நினைத்தேன். அவரும் நினைத்திருப்பார். சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே நீ ஓட்டு" என்று சாவியைக் கொடுத்தார்.

நான் டிரைவர் சீட்டுக்கு மாறினேன். டேஷ்போர்டில் குளிர் வருகிற ஓட்டைகள் நான்கு. நடுவிலிருந்த இரண்டையும் என் பக்கமே திருப்பிவிட்டார். கடைசி ஒன்றை மட்டும் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார்.

"தனியா வரும்போது இந்தப் பக்கத்து ஓட்டய மூடிடு. உனக்கு இன்னும் நல்லா வரும். உனக்குச் சூடு ஏறுமே."

சரி என்றேன். எவ்வளவோ பேச வைத்திருந்தேன். செங்கல்பட்டு வருவதற்குள் அவர் தூங்கிவிட்டார். அங்கே இரவு பகலாக வேலை பார்க்கிற உடம்பு, என் பக்கத்தில், நான் ஓட்டுகிற வண்டியில், வாய் லேசாகத் திறந்தபடி தூங்கியது. எழுப்ப மனசு வரவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஏர்போர்ட்டில் நிறுத்த நேரம் தரவில்லை. விசில் ஊதினார்கள். பெட்டியை இறக்கினார், ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தார், "பாத்துப் போ" என்றார். கண்ணாடிக் கதவுக்குள்ளே போய்விட்டார்.

திரும்பும்போது வெயில் முகத்துக்கு நேராக அடித்தது. மதுராந்தகம் தாண்டியதும் நெஞ்சிலிருந்து அந்தச் சூடு கிளம்பி முகத்துக்கு ஏறியது. ஓரங்கட்டினேன். பக்கத்து ஓட்டையை மூடச் சொல்லியிருந்தார், மூடினால் அந்தக் குளிரும் எனக்கு வரும். கையை நீட்டினேன். அது அவர் திருப்பி வைத்தபடியே, அவர் முகம் இருந்த இடத்தைப் பார்த்துக் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். பாகூர் வந்து சேருகிற வரைக்கும் அதை நான் மூடவில்லை.